சதுப்பு நிலத்தில் ஐந்து படங்கள்

கல்யாணம் முடித்து வெள்ளவத்தைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "படம் பிடிக்கப் போவம், வெளிக்கிடும்" என்றார் என் கணவர். கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் கிளாக்கராக இருந்தார். அவருடைய ஒரே ஆடம்பரம் ஒரு பெட்டிக் கமரா. கடற்கரைக்குத்தான் போகிறோம் என்று நினைத்துக் கூறைச்சேலை உடுத்தேன். அவரோ எங்கள் வீடிருந்த ஒழுங்கையைத் தாண்டி, கிருலப்பனைப் பக்கம் கிடந்த சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போனார். ஆம்பல் பூத்திருந்தது. நீர்க்கோழிகள் நடந்து திரிந்தன. கரையில் என் தோளுயரத்துக்கு ஓர் எல்லைக்கல்.

"உந்தக் கல்லுக்குப் பக்கத்தில நில்லும்."

படம் கழுவி வந்தபோது தண்ணீரும் வானமும்தான் தெரிந்தன. நான் நகத்தளவில் நின்றேன்.

"என்ர முகம் எங்கை?"

"உம்மை நான் ஒவ்வொரு நாளும் பாக்கலாம். இந்த இடத்தை நிரப்பிக் காணியா விக்கப் போயினமாம்."

இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை.

ஆனாலும் கூப்பிட்டபோதெல்லாம் போய் நின்றேன். லொறிகள் குப்பையையும் செம்மண்ணையும் கொட்டின. கல் என் இடுப்பளவானது, பிறகு முழங்காலளவானது. நான்காவது படத்தில் நாற்றம் தாங்காமல் லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன். ஐந்தாவதில் கல்லே இல்லை.

அடுத்த மாரி மழையில் தண்ணீர் போக இடமில்லாமல் எங்கள் ஒழுங்கைக்குள் முழங்கால் வெள்ளம். அயலவர்கள் சேர்ந்து மாநகரசபைக்குப் பெட்டிசம் எழுதினார்கள். பார்வையிட அங்கிருந்து ஓர் எஞ்சினியர் எங்கள் வாசலுக்கு வந்தார். சதுப்பை நிரப்பிய காணிக்காரர், அந்த இடம் எப்போதும் மேட்டு நிலம்தான் என்று சாதித்தார். கூட்டத்தில் வாய் திறக்காத என் கணவர் வீட்டுக்குள் போய்ப் படங்களை எடுத்துவந்து வரிசையாக வைத்தார்.

"இந்த அம்மா ஆர்?" என்று எஞ்சினியர் இங்கிலீசில் கேட்டார்.

"என்ர மனிசி, சேர். உயரம் அஞ்சடி ரெண்டங்குலம்."

எஞ்சினியர் கதவடியில் நின்ற என்னைப் பார்த்தார், திரும்பப் படங்களைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது. காணிக்காரர் குடையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுப் போனார்.

சில மாதங்களில் வெள்ளம் வடிந்தோட ஒழுங்கையோரம் ஆழமான கான் வெட்டினார்கள். அடுத்த மழைக்கு வெள்ளம் ஏறவில்லை. அயலவர்கள் அவரைத் தேடிவந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். எல்லோரும் போனபின் அவர் யன்னலடியில் இருந்து, சதுப்பு நிலம் கிடந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன், சந்தோசமில்லையோ?"

"கான் நல்லதுதான். நீர்க்கோழியள் இனி வராது."

தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு நானும் இருந்தேன்.