‘மற்றவை’க்குள் அத்தான்

என் அக்கா கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். காதுக்குப் பின்னால் குத்துகிறது, மூக்கில் தடம் விழுகிறது என்று வருகிறவர்களின் ஃப்ரேமைச் சூடு காட்டி வளைத்து, மாட்டிப் பார்த்து, மறுபடி வளைத்துக் கொடுப்பாள். ‘போகப் போகப் பழகிடும்’ என்று ஒருத்தரையும் ஏமாற்றி அனுப்பியதில்லை. பொய் வராது அவளுக்கு. சின்ன வயதில் நான் உடைத்ததையெல்லாம் அப்பாவிடம் போட்டுக்கொடுத்த மகராசி. அதனால்தான் அவள் செய்த காரியம் தெரிந்தபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அத்தானுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோன பிறகு அவள் ஒரு வலைப்பூ ஆரம்பித்தாள். கடை விட்டு வந்து, அவருக்குக் கை கால் நீவிவிட்டு, அன்றைக்கு நடந்ததை எழுதுவாள். ‘இன்று கட்டை விரல் அசைந்தது.’ ‘இன்று என்மேல் எரிந்து விழுந்தார், பேச்சு நன்றாகவே தெளிந்திருக்கிறது.’ இதே கஷ்டத்தில் இருந்த வீடுகளெல்லாம் அவளைப் படித்தன. பிறகு இரண்டாவது தடவை வந்தது, அத்தான் போய்விட்டார். அதையும் நாலு வரியில் எழுதினாள். அதோடு நிறுத்திவிட்டாள்.

அவள் மகனுக்கு வெப்சைட் வடிவமைக்கிற வேலை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற அம்மாவை மறுபடி எழுத வைக்க வேண்டும் என்று, வலைப்பூவைச் சீர்பண்ண இறங்கினான். அதுவரை ஓரத்தில் வருஷம், மாதம், தேதி என்று வால் மாதிரி ஒரு பட்டியல் தொங்கும். எதைத் தேடி வருகிறீர்கள், எது கிடைக்கவில்லை என்று வாசகர்களிடமே கேட்டான். பதில் குவிந்தது. தேதியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்ய, கையைப் பற்றி ஓர் இடத்தில், காலைப் பற்றி ஓர் இடத்தில் இருந்தால் போதும் என்றார்கள். நியாயம்தானே? தேதிகளைத் தூக்கிவிட்டு, மேலே கை, கால், பேச்சு, சாப்பாடு, தூக்கம் என்று பொத்தான்கள் வைத்தான். எதிலும் சேராததற்குக் கடைசியில் ‘மற்றவை’. முகப்பில், எல்லாருக்கும் பிடித்த பதிவு: அத்தான் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்த நாள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கருத்துச் சொல்ல ஒரு பெட்டி.

வந்த கருத்துகளைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லி என்னிடம் தந்தான். ஊர் வம்பு படிக்க சித்திக்குத்தான் அலுக்காது என்று கிண்டல் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். பாராட்டு, பாராட்டு, எழுத்து பெரிசாக வேண்டும், மறுபடி பாராட்டு. அப்புறம் தையல்காரம்மா என்று பெயர் போட்டுக்கொண்ட ஒருத்தி, சார் இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாள். கீழே என் அக்காவின் பதில். நன்றாக இருக்கிறார், இன்று வலது கையாலேயே டம்ளரைப் பிடித்தார். கருத்துகளுக்கு மட்டும் தேதி உண்டு; எழுதியது போன வாரம்! அத்தான் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. கீழே போகப் போக அதே மாதிரி. சார் சட்டைப் பொத்தான் போட்டார், சார் மாடிப்படி ஏறினார்.

முதலில் அவள் மகனைத்தான் பிடித்தேன்.

“எல்லாத்தையும் அழகா அடுக்கினியே, உங்கப்பா போனதை எங்கடா வச்சே?”

அவன் முகம் செத்துப்போயிற்று. “மத்தவையில, சித்தி. அதைத் திறந்து படிக்க என்னால முடியல. அப்படியே தள்ளிவிட்டுட்டேன்.”

அவனை என்ன சொல்லித் திட்டுவது? புதிதாக வருகிறவர்கள் கையைப் படிப்பார்கள், காலைப் படிப்பார்கள். ‘மற்றவை’யை எவர் திறந்தார்? பதிவுகளில் தேதியும் இல்லை. அவர்களுக்கு அத்தான் இன்னும் ஜன்னல் வரை நடந்துகொண்டிருந்தார்.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இல்லையா உனக்கு என்று நேராகவே கேட்டேன். மடிப்பதை நிறுத்தவில்லை.

“பார்க்கிறவங்க எல்லாம் அவர் எப்படிப் போனார்னுதான் கேக்கறாங்க. இவ ஒருத்திதான்டி அவர் எப்படி இருக்கார்னு கேட்டா. இல்லைன்னு எழுத எனக்குக் கை வரல.”

நானும் ஒரு துணியை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். ஆனால் கோபம் போகவில்லை, ஏனென்றால் தையல்காரம்மாவின் கடைசிக் குறிப்பை நான் படித்துவிட்டிருந்தேன். அவள் புருஷனும் அதே மாதிரி விழுந்தவர். சுவர் பக்கம் திரும்பிப் படுத்து, பயிற்சியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று கிடந்தவர். சார் செய்ததை இவள் காலையில் படித்துச் சொல்லச் சொல்ல, அவரை விடுவேனா பார் என்று போட்டி போட்டு எழுந்து, இப்போது வாசல் வரை போகிறாராம். சாரோடு ஒரு வார்த்தை பேச ஆசைப்படுகிறாராம். நம்பர் வேண்டுமாம்.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்றேன். சொன்னால் அந்த மனுஷன் மறுபடி படுத்துவிடுவார் என்றாள் அக்கா. படுத்தால் கையும் காலும் இறுகிப்போகும், அப்புறம் யார் வந்தாலும் எழுப்ப முடியாது, அது அவளுக்குத் தெரியாதா? அதற்காக இல்லாத மனுஷனை எத்தனை நாள்தான் படி ஏற்றிக்கொண்டிருப்பாய் என்று நான் கத்திவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

மறுநாள் சாயங்காலம், கருத்துப் பெட்டியிலேயே கேட்டு நம்பரை வாங்கி அவளே கூப்பிட்டாள். தையல்காரம்மாவிடம் மட்டும் பக்குவமாகச் சொல்லிவிடுவதாக ஏற்பாடு. அந்த அம்மாளோ குரலைக் கேட்டதும் சந்தோஷத்தில், இதோ இவர்கிட்டயே பேசுங்கம்மா என்று போனைப் புருஷன் கையில் கொடுத்துவிட்டாள். எங்கள் பக்கம் ஸ்பீக்கரில் இருந்தது. ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்துப் பேசினார்.

“சார்... இன்னிக்கு... நடந்தாரா?”

அக்கா என்னைப் பார்த்தாள்.

“சார் இல்லைங்க. போயிட்டார். நான் எழுதினது பொய்.”

அந்தப் பக்கம் அவர் நாற்காலியில் உட்காருகிற சத்தம் கேட்டது.

“எப்போ?”

அக்கா தேதியைச் சொன்னாள், மாதத்தைச் சொன்னாள், வருஷத்தையும் சொன்னாள். அவர் மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று எனக்குத் தெரிந்தது.

“அதுக்கப்புறம்தான்... நான் எழுந்தேன்.”

“ஆமாங்க.”

“அப்போ... நான் மட்டும்தான்... நடந்தேனா?”

“ஆமாங்க,” என்றாள் அக்கா. “நீங்க மட்டும்தான் நடந்தீங்க.”

அவர் போனை வைக்கவில்லை. அக்காவும் வைக்கவில்லை.