தலைக்குப் போகும் கைகள்

சங்ககிரியில் லாரி டிரைவர் நான். மனைவி இறந்த பிறகு, பேச்சு வராத என் மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுத்தான் வடக்கே லோடு ஏற்றிப் போவேன்.

ஒருமுறை ஊர் திரும்பியபோது அவளுக்குக் காய்ச்சல். அண்ணனும் நானும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனோம். டாக்டரம்மா அறையில் புழுக்கம் தாங்காமல் அண்ணன் ஃபேன் சுவிட்சைப் போடக் கையை உயர்த்தினார். என் மகள் சட்டென்று இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டாள்.

"அவ வியாதியே அப்படித்தானுங்க," என்றேன். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதையே சொல்லிப் பழகியிருந்தேன்.

டாக்டரம்மா அண்ணனை வெளியே இருக்கச் சொன்னார். பிறகு அவள் தலைமுடியை மெல்ல விலக்கிக் காட்டினார். ஆறியதும் ஆறாததுமாகக் காயங்கள்.

"பேச்சு வராததுதான் பொறவியில வந்ததுங்க. இது அடி வாங்கி வாங்கி வந்தது. நான் குழந்தைகள் பாதுகாப்பு ஆபீசுக்குச் சொல்லியே ஆகணும். நீங்க வேண்டாம்னாலும் சொல்லுவேன்."

வெளியே வந்தபோது அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வழக்கு நடக்கிறது. நான் லாரியை விட்டுவிட்டேன். தினமும் காலையில் நானே அவளுக்குத் தலை வாரிவிடுகிறேன். சீப்பை எடுத்ததும் இன்றும் அவள் கைகள் தலைக்குப் போகின்றன. அவை இறங்கும்வரை காத்திருக்கிறேன்.