தொரை விலாசத்தில் ஒரு மனைவி

எஹலியகொடைக்கு மேலே, ஹீன்கொல்லைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்குப் பெயர் பல, விலாசம் ஒன்று. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் காம்பராக்களுக்கு இலக்கம் உண்டு. ஆனால் தபால்காரருக்குத் தோட்டத்து ஆபீஸ் ஒன்றுதான் தெரியும். அதனால் கல்யாணப் பத்திரிகை, ஆஸ்பத்திரிக் கடிதம், காதல் கடிதம் எல்லாமே தோட்ட நிர்வாகியான தொரையின் பேரில், ‘தோட்டத்துரையின் மேற்பார்வை’ என்று எழுதப்பட்டு ஆபீசுக்கு வந்துசேரும். பெரிய கிளாக்கர் செல்லத்துரை அவற்றைப் புரட்டிப் பார்த்துக் காலையில் தொழிலாளர்கள் பேர்கொடுக்கக் கூடும் பெரட்டுக்களத்துக்கு அனுப்புவார். கங்காணி பேரைக் கூப்பிட, உரியவர் கை நீட்டி வாங்கிக்கொள்வார். இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை, உங்கள் காதல் கடிதத்தின் முதல் வாசகர் செல்லத்துரை என்பதைத் தவிர.

சுமன் அந்த விலாசத்தில் வளர்ந்தவன். அம்மா இராஜம் அங்கே றப்பர் மரத்தில் பால்வெட்டுகிறாள். அவன் மட்டும் மலையிறங்கி, எஹலியகொடை கடைவீதியில் நுஹ்மானின் கொமியூனிகேஷனில் வேலைக்குச் சேர்ந்தான். போட்டோகொப்பி, வெளிநாட்டுக் கோல், ஒரு கம்பியூட்டர், அதில் போன் வயர் வழியாக இழுத்துக்கொண்டு வரும் இன்டர்நெட். கம்பியூட்டர் சஞ்சிகையோடு இலவசமாக வந்த சிடியிலிருந்து மலைப்பாம்பின் பேர்கொண்ட பைத்தன் என்ற நிரல்மொழியைத் தானாகவே கற்றான். தோட்டத்தில் இதைச் சொன்னபோது, “பாம்பு வித்தையாடா?” என்றார்கள். கல்யாணமும் செய்துகொண்டான். ஷாமிளா சிரித்தால் லயமே திரும்பிப் பார்க்கும். அந்தச் சிரிப்பையும் ஓர் ஏஜன்சிக்காரன் லெபனானுக்கு ஏற்றிவிட்டான், பெய்ரூட்டில் வீட்டுவேலைக்கு.

இரண்டாயிரத்தாறு ஜூலையில் லெபனானில் குண்டு விழத் தொடங்கியது. ஷாமிளாவிடமிருந்து ஒரு கோல் வந்தது.

“ஏங்க, வீட்டாளுங்க கதவ வெளியில பூட்டிட்டு மலப்பக்கம் போயிட்டாங்க. நான் உள்ள இருக்கேன்.”

“உள்ளன்னா? சாவி?”

“சாவி இருந்தா ஒங்களுக்கு ஏன் கோல் எடுக்கிறேன்?”

அவ்வளவுதான். அதற்குப்பிறகு அந்த இலக்கத்துக்கு எடுத்தால் ஒரு அரபுப் பெண்குரல் எதையோ மிக மரியாதையாகச் சொன்னது. சுமன் அதை நாள் முழுக்கக் கேட்டான். கடைக்கு வந்தவர்கள் இவன் அரபு படிக்கிறான் என்று நினைத்தார்கள்.

ஏஜன்சிக்காரன் போனை எடுக்கவில்லை. கொழும்பில் எந்தக் கதவைத் தட்டினாலும் இன்னொரு கதவைக் காட்டினார்கள். எஞ்சியது மின்னஞ்சல். தூதரகங்கள், தொண்டு நிறுவனங்கள், பத்திரிகைகள், பெய்ரூட்டில் உள்ள மாதாகோயில்கள் என்று இன்டர்நெட்டில் அகப்பட்ட விலாசங்களையெல்லாம் பொறுக்கினான். ஒவ்வொன்றாகக் கையால் அனுப்புவதற்குள் லைன் அறுந்துவிடும். மறுபடி அந்த மொடம் கீச்சிட்டுக் கனைத்து இணைவதற்குள் மனிதனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும். எனவே பைத்தனைக் கூப்பிட்டான்.

பைத்தனோடு ஒரு நூலகம் வருகிறது. புத்தகமும் ‘சத்தம் போடாதீர்கள்’ பலகையும் உள்ள நூலகம் அல்ல. யாரோ ஒரு புண்ணியவான் முன்பே எழுதிவைத்த கட்டளைகளின் மூட்டை. மின்னஞ்சல் அனுப்பும் மூட்டை நம்மிடம் மூன்றே விஷயம் கேட்கும்: யாரிடமிருந்து, யாருக்கு, என்ன செய்தி. சொல்லிவிட்டால் விலாசங்களை வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் அந்தந்த அலுவலகத்தின் பெயரை எழுதி, அனுப்பிக்கொண்டே இருக்கும். லைன் அறுந்தால் காத்திருந்து விட்ட இடத்திலிருந்து தொடரும்படியும் சுமன் எழுதினான். களைப்பில்லை, அழுகையில்லை. அந்த இரண்டையும் அவனே பார்த்துக்கொண்டான்.

‘யாரிடமிருந்து’ என்ற இடத்தில் அவன் கை ஒரு கணமும் தயங்கவில்லை. தோட்டத்துக்குக் கம்பனி கொடுத்திருந்த மின்னஞ்சல் விலாசத்தை அடித்தான். ‘என் மனைவி ஷாமிளாவை வீட்டுக்குள் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள், காப்பாற்றுங்கள்’ என்பதுதான் செய்தி, கீழே அந்த வீட்டின் விலாசம். நூலகம் அதைக் கேள்வி கேட்கவில்லை. நீ தொரையா, தொரையின் நாயா என்று விசாரிப்பது அதன் வேலையல்ல.

முதலாளி நுஹ்மான் மட்டும் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். “ஒங்களுக்கு சொந்தமா யாஹூ விலாசம் ஈக்கிதானே தம்பி? அதப் போடுங்களேன்.”

“யாஹூ விலாசத்த யாரு பாஸ் மதிப்பா? தோட்டத்து விலாசம்னா நின்னு பாப்பாங்க. நம்ம தபாலெல்லாம் ஆபீசுக்குத்தானே வருது? கிளாக்கரய்யா எடுத்துக் குடுப்பாரு.”

நுஹ்மான் உதட்டைப் பிதுக்கினார். தோட்டத்து விவகாரம், அவருக்கு எதற்கு.

சுமன் அம்மாவுக்கும் சொல்லி அனுப்பினான்: பெரட்டுல பேரு கூப்பிட்டா வாங்கி வச்சுக்க. அன்றிலிருந்து இராஜம் கத்தியும் வாளியுமாகப் பெரட்டுக்களத்தின் முன்வரிசையில் நின்றாள். கங்காணி வாயைத் திறக்கும் முன்னரே கையை நீட்டினாள்.

“ஒனக்கு ஒண்ணுமில்ல ஆத்தா, வேலைக்குப் போ.”

“இங்கிலீசுல வந்திருக்கும் கங்காணி, நல்லாப் பாருங்க.”

“இங்கிலீசுலயும் ஒண்ணுமில்ல, சிங்களத்துலயும் ஒண்ணுமில்ல.”

கீழே கடையில் நிரல் தினமும் ஓடியது. ஒவ்வொரு கடிதத்துக்கும் மறுமுனைக் கம்பியூட்டர் ‘சரி’ என்று சொல்லும். திரையில் சரி, சரி, சரி என்று இறங்கும். சரி என்றால் பெட்டியில் போட்டாயிற்று என்றுதான் பொருள். சுமன் அதை யாரோ தலையாட்டுவதாக எடுத்துக்கொண்டான். சோறு இறங்கவில்லை. முகத்தில் தாடி ஏறியது. பேப்பரில் இடிந்த கட்டடங்களின் படம் வந்தால் பூதக்கண்ணாடி வைத்து ஜன்னல்களைப் பார்த்தான்.

ஆபீசில் நடந்தது வேறு. செல்லத்துரை மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பது கொழும்புக்குக் கொழுந்துக் கணக்கும் றப்பர் பால் கணக்கும் அனுப்ப மட்டுமே. திறந்தவர் திடுக்கிட்டார். அனுப்ப முடியவில்லை, இந்த விலாசத்தில் ஆளில்லை, உங்கள் கடிதம் கிடைத்தது என்ற தலைப்புகளில் உலகமே ஹீன்கொல்லைக்கு எழுதியிருந்தது. தெரியாத கடிதத்தைத் திறக்காதே, வைரஸ் வரும் என்று கம்பனியின் சுற்றறிக்கை சுவரில் ஒட்டியிருந்தது. அவர் அரச மரியாதையோடு அதற்குக் கீழ்ப்படிந்தார். ஒன்றையும் திறக்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை, வைரஸ் காதுவழியாகவும் வரலாம் அல்லவா.

கடைசியில் விஷயம் தலைகீழாக வெளிப்பட்டது. கொழும்புப் பத்திரிகைக்காரர் ஒருவர் கம்பனித் தலைமையகத்துக்குக் கோல் எடுத்து, உங்கள் தோட்டத்துரையின் மனைவி லெபனானில் வீட்டுவேலை செய்கிறாராமே, உண்மையா என்று அக்கறையோடு விசாரித்தார். தலைமையகம் தொரையின் பங்களாவுக்கு எடுத்தது. போனை எடுத்தது தொரையின் மனைவி, நோனா.

லெபனானுக்குப் போனது யார் மனைவி என்று தோட்டமே அறியும், சுமனை உடனே வரச்சொல்லி ஆள் வந்தது. ஓடினான். நல்ல செய்தி என்று நினைத்தான், பாவம்.

தொரை தனக்குத் தெரிந்த தமிழில் நின்றுகொண்டே கத்தினார். “என்ன மனுசன் நீ? நான் எப்ப லெபனான்ல பொண்டாட்டி வச்சது? நோனா ரெண்டு நாளா எனக்குப் பேசுறது இல்ல!”

“சார், பதில் வந்திச்சா?”

“என்ன பதில்?”

“எனக்கு வந்த பதில் சார். இந்த விலாசத்துக்குத்தான் வந்திருக்கும்.”

தொரை செல்லத்துரையைப் பார்த்தார். செல்லத்துரை சுற்றறிக்கையைப் பார்த்தார். சுமன் யாரையும் பார்க்கவில்லை. ஆபீசுக்குள் அவன் வகையறா ஒருநாளும் உட்காராத நாற்காலியில் உட்கார்ந்து, பெட்டியை மேலிருந்து கீழே உருட்டத் தொடங்கினான்.

“டேய், எந்திரிடா. வைரஸ் வந்திரும்டா!” என்றார் செல்லத்துரை.

“வரட்டும் அய்யா.”

குப்பையின் நடுவில் அது கிடந்தது. பெய்ரூட்டில் ஒரு மாதாகோயிலின் கன்னியாஸ்திரி எழுதியிருந்தார். ஷாமிளாவை அயலவர்கள் ஜன்னல் கம்பியை அறுத்து வெளியே எடுத்திருக்கிறார்கள். எங்களோடு இருக்கிறாள், இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கோல் எடுக்க முடியவில்லை. அவளுடைய பாஸ்போர்ட் எஜமானரிடம் சிக்கிக்கொண்டது. அதன் பிரதி ஒன்றையும், உறவினர் என்று இரண்டு வரியையும் உடனே அனுப்புங்கள், வெள்ளிக்கிழமை எல்லைக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறோம். கீழே ஒரு தொலைபேசி இலக்கம்.

பாஸ்போர்ட் பிரதி நுஹ்மானின் கடையில் மேசைக் கண்ணாடிக்குக் கீழேயே இருந்தது. சுமன் தன் கையால் எடுத்த பிரதி. அன்றைக்குத் திங்கட்கிழமை, அந்த வெள்ளி போய் மூன்று நாள்.

தொரையின் கோபம் இறங்கிவிட்டது. “இங்க போன்ல வெளிநாடு எடுக்க ஏலாது, கொழும்புல கேக்கணும்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார். சுமன் இலக்கத்தை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு றப்பர் மலையின் குறுக்கே விழுந்தடித்து இறங்கினான். கடைக்குள் நுழையும்போது ஒரு காலில் செருப்பில்லை. நுஹ்மான் கேள்வி கேட்காமல் கம்பியூட்டரை ஒட்டியிருந்த கோல் கூண்டிலிருந்தவரை வெளியே இழுத்துவிட்டார்.

நெடுநேரம் அடித்தது. யாரோ எடுத்தார்கள். சுமன் கத்தினான்: “ஷாமிளா! ஷாமிளா! ஸ்ரீலங்கா!” செருப்புச் சத்தம், குழந்தை அழுகை, பிறகு அவள்.

“ஏங்க?”

அவன் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

“ஏங்க, உசிரோடதான் இருக்கீங்களா? ஏன் பதில் போடல? எல்லாரு வீட்டுலருந்தும் போட்டாங்க. ஊருலருந்து பதில் வந்தவங்கள மட்டுந்தான் வெள்ளிக்கெழம பஸ்ஸுல ஏத்துனாங்க.”

“வந்திச்சு ஷாமி. ஆபீசுல கெடந்திச்சு. நாந்தான் அந்த விலாசத்தப் போட்டேன்.”

“எந்த ஆபீசு?”

“நம்ம தோட்டத்து ஆபீசு.”

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

“இப்ப அனுப்புறேன். இந்த நிமிசமே என் சொந்த விலாசத்துலருந்து அனுப்புறேன். அடுத்த பஸ்ஸு எப்ப?”

“பாலத்த ஒடச்சிட்டாங்களாம். அடுத்த பஸ்ஸு இருக்கான்னே சிஸ்டருக்குத் தெரியலங்க. இங்க குண்டுச் சத்தம் கிட்ட வருது.”

நுஹ்மான் பாஸ்போர்ட் பிரதியைக் கண்ணாடிக்குக் கீழிருந்து உருவி ஸ்கேனரில் வைத்தார். கடையின் மற்ற லைனில் மொடம் கீச்சிடத் தொடங்கியது. சுமன் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நிரலை விட்டுவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அடித்தான். நான் சுமன், இவள் என் மனைவி.

“வச்சிராதீங்க,” என்றாள் ஷாமிளா.

“வைக்கல.”