பட்டை போட்ட பழத் தேநீர்

எங்கள் வீட்டுக்குப் பழத் தேநீர் வந்தது அப்பாவுக்கு விஷக்காய்ச்சல் கண்டு தெளிந்த பிறகு. அதைக் கொண்டுவந்தவர் அண்ணி.

அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் பட்டை பார்த்து வாங்குகிறவர். தோலைப் பதம் செய்ய ஆவாரம்பட்டை வேண்டும். கணியம்பாடிப் பக்கத்திலிருந்தும் ஏலகிரி அடிவாரத்திலிருந்தும் அது கட்டுக்கட்டாக வண்டிகளில் வரும். அப்பா ஒரு துண்டை உருவி வாயில் போட்டு மெல்லுவார், ஓரமாகத் துப்புவார், "எறக்கு" என்பார் அல்லது "திருப்பு" என்பார். அவர் நாக்குக்குத்தான் சம்பளம்.

காய்ச்சல் அந்த நாக்கைக் கொண்டுபோய்விட்டது. சோறும் சரி, ஊறுகாயும் சரி, எல்லாம் ஒன்றுதான். முதலாளி நல்லவிதமாகவே, "தெம்பு வந்ததும் வா" என்று சொல்லியனுப்பிவிட்டு, அப்பாவின் இடத்தில் வேறு ஆளை நிறுத்தினார். பொங்கல் கழிந்தால் பட்டை வண்டிகள் வரிசையாக வரத் தொடங்கும். அதற்குள் ருசி திரும்பாவிட்டால் அந்த வேலை அப்பாவுக்கு இல்லை.

அதே டேனரியில் தொட்டி வேலை பார்த்த அண்ணன், "கண்ணால பாத்து சமாளிச்சிக்கலாமே நைனா" என்றான்.

"வாயில தெரியாதத வாங்கித் தொட்டில போட்டா தோலு வீணாப் பூடும். அந்தப் பொழப்பு எனக்கு வேணாம்" என்றார் அப்பா.

நான் அப்போது வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கும் படிப்பை முடித்து அங்கேயே வேலையில் இருந்தேன். விடுப்பு கிடைத்தால் ரயிலேறி வருவேன். நாக்குக்கென்று கொடுக்க எங்கள் அலமாரியில் ஒரு புட்டியும் இல்லை. டாக்டரம்மா, "காத்திருங்கள்" என்றார். அண்ணி காத்திருக்கவில்லை. நாங்கள் ஆபா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா தன் வீட்டில் விருந்தாளிகளுக்குப் பழம் போட்டுத் தேநீர் வைப்பதைப் பார்த்து வந்து, அடுப்பில் டேக்சாவை ஏற்றிவிட்டார்.

அண்ணி அதை வைக்கும் முறையை இன்றும் வரிசை மாறாமல் சொல்வேன். முதலில் ஆலுபுகாரா என்னும் புளிப்பான உலர்பழமும் உலர்ந்த திராட்சையும் வெந்நீரில் ஊறும். பிறகு தட்டிய சுக்கு, ஏலக்காய், கிராம்பு, பட்டை. அது கொதித்து வாசனை எழும்பியதும் கமலா ஆரஞ்சுத் தோல், உள்ளே வெள்ளை ஒட்டாமல் சீவியது. வெள்ளை ஒட்டினால் கசக்கும். தேயிலை கடைசியில், ஒரு சிட்டிகை, இறக்கி வைத்த பிறகு. சர்க்கரையும் ஆரஞ்சுச் சாறும் மாதுளை முத்தும் டம்ளரில் மட்டும், கொதியில் அல்ல. புளிப்புப் பொருள் என்பதால் ஈயப்பூச்சு தேய்ந்த பித்தளைப் பாத்திரத்தைத் தொடவே மாட்டார்.

நான் மெச்சியது இன்னொன்றை. ஒரு நாளைக்கு ஒரு சாமானைத்தான் கூட்டுவார் அல்லது குறைப்பார். ஆஸ்பத்திரியில் எங்களுக்கும் அதுதான் பாடம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. டம்ளரைக் கொடுத்துவிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"இன்னிக்கி இன்னா தெரியுது மாமா?"

"சூடு தெரியுதும்மா."

நன்றாயிருக்கிறதா என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் மருமகள் மனம் கோணாமலிருக்க அப்பா பொய் சொல்ல வேண்டியிருக்கும். "சூடாச்சும் தெரியுதே" என்று டம்ளரை வாங்கிக்கொண்டு போவார். அவர் முகம் வாடி நான் பார்க்கவில்லை.

பொங்கல் விடுப்பில் நான் வந்திருந்தபோது அண்ணிக்குச் சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தது. அஞ்சறைப் பெட்டியில் பட்டை தீர்ந்திருந்தது. வேலைக்குக் கிளம்பிய அண்ணனிடம், "வர்றப்ப கொஞ்சம் பட்டை எடுத்துனு வாங்க" என்றார்.

அண்ணி ஜோலார்பேட்டை ரயில்வே வீட்டுப் பெண். அங்கே பட்டை என்றால் கறிமசாலாவுக்குப் போடுவது. எங்கள் வீட்டில் அதைக் கறிப்பட்டை என்றுதான் சொல்வோம். வெறுமனே பட்டை என்றால் டேனரிப் பட்டை. எதற்கு என்று அண்ணன் கேட்கவில்லை. மாலையில் ஒரு காகிதப் பொட்டலத்தை அடுப்படியில் வைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டான். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒடித்த துண்டுகள். மூக்கடைத்த அண்ணி வழக்கம்போல் தட்டிப் போட்டார்.

அப்பா ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. வாய்க்குள்ளேயே புரட்டினார். பிறகு ஜன்னலோரம் போய், பட்டைக் களத்தில் துப்புவதுபோல் ஓரமாகத் துப்பினார்.

"இதுல யாரும்மா நம்ம பட்டைய போட்டது?"

"பட்டைதானே மாமா. தெனம் போடறதுதான்."

"இது கறிக்குப் போடறது இல்ல. தோலுக்குப் போடறது. முத்தின கட்டையில உரிச்சிருக்கான். காயறதுக்கு முன்னாடி மழைல நனைஞ்சிருக்கு." ஈரத்தலையோடு வந்து நின்ற அண்ணனிடம் கேட்டார். "யார்றா வாங்கனது இத?"

"புது ஆளுதான் நைனா" என்றான் அண்ணன். சொல்லி முடித்த பிறகுதான் அப்பா கேட்டது என்ன என்று அவனுக்கு உறைத்தது.

நான் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தேன். நாக்கைத் துணியால் துடைத்ததுபோல் துவர்ப்பு. ஆவாரம்பட்டைக் கஷாயம் குடிப்பவர்கள் ஊரில் உண்டு, ஒரு வாய்க்கு ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். அப்பா காதில் வாங்கவில்லை. பொட்டலத்திலிருந்து இன்னொரு துண்டை எடுத்து மென்றுகொண்டிருந்தார்.

"போதும் மாமா. உள்ளயே தோல் பதம் பண்ணிடப் போறீங்க" என்றார் அண்ணி. சளிக்குரலோடு வேறு ஏதோ கலந்திருந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

மறுநாள் காலை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, "மொதலாளியப் பாத்துட்டு வர்றேன்" என்று கிளம்பினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தண்ணிய வை. கறிப்பட்டை போட்டு வை. குடிச்சிட்டுப் போறேன்."

நான் கடைக்குப் போய்க் கறிப்பட்டை வாங்கி வந்தேன். அண்ணி அவசரப்படவில்லை. வரிசை மாறாமல்தான் வைத்தார். டம்ளரைக் கொடுத்துவிட்டு எப்போதும் நிற்கும் இடத்தில் நின்றார்.

"இன்னா தெரியுது மாமா?"

அப்பா நிதானமாகக் குடித்தார். "சுக்கு இருக்குது. கமலாத் தோலு. இது லேசாப் புளிக்குதே, ஆலுபுகாராவா? கிராம்பு கம்மி. சக்கரை ஜாஸ்தி."

"இத்தினி நாளா சக்கரை ஜாஸ்தின்னு சொல்லவேயில்லயே மாமா."

"இத்தினி நாளாத் தெரியலயேம்மா" என்றார் அப்பா. அடியில் கிடந்த மாதுளை முத்துகளை விரலால் வழித்துத் தின்றுவிட்டு, பட்டைக் களத்துக்குப் புறப்பட்டார்.