கோயில் மேட்டில் ஒரு பெரட்டு

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கிக்கு வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும். திருவிழாக் காற்றில் கம்பத்தோடு விழுந்தது, யாரும் நிமிர்த்தவில்லை. விடியுமுன் எத்தனை பாட்டு, அதில் எத்தனை கரகரப்பு என்று எண்ணிக் கோயில் கமிட்டியில் முறையிடுவது என் வழக்கம். தோட்டத்து ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் இருக்க வராது. தொல்லை பொறுக்காமல் அம்ப்ளிஃபயர் பெட்டியின் சாவியையே என்னிடம் தந்துவிட்டார்கள். "கிளாக்கரய்யாகிட்டயே இருக்கட்டும். அதோட வாயும் அடங்கும், இவரு வாயும் அடங்கும்" என்றார் தலைவர்.

அந்தச் சாவி சட்டைப் பையில் இருந்த ஒரு காலையில்தான் மிஸ்ஸியை முதன்முதலில் பார்த்தேன். ஆம்புலன்ஸில் வரும் தாதியை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். டவுன் குடிநீருக்கான குளோரின் சிலிண்டர்களோடு வந்த லொறி, வட்டகொடைப் பாதையின் வளைவில் கவிழ்ந்து கிடந்தது. பாதைக்கு மேலே கோயில் மேடு. கீழே நாங்கள் குடியிருக்கும் லயங்கள், ஃபெக்டரி, பெரட்டுக் களம், அதை ஒட்டி, வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுச்செல்லும் பிள்ளைக் காம்பரா. ஒரு சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. வந்த ஆம்புலன்ஸோ, காற்று வரும் பக்கமாக, வெகு தூரத்தில், நாங்கள் நின்ற கோயில் மேட்டிலேயே நின்றுவிட்டது.

கூட்டம் கூச்சலிட்டது. "ஆளு அங்க இருமிக்கிட்டுக் கெடக்கான், இது இங்க நிக்குது! பயந்தாங்கொள்ளி மிஸ்ஸி!" எனக்கும் ஆத்திரமாகத்தான் இருந்தது. இறங்கி வந்த பெண் ஒல்லி. மஸ்கெலியாப் பக்கத்து லயத்துப் பிள்ளை என்று பேச்சிலேயே தெரிந்தது. "நானும் விழுந்துட்டா என்னைத் தூக்க யாரு வருவாங்க?" என்று கேட்டுவிட்டு, கைகளைக் குவித்து, "உடட்ட எண்ட! துவண்ட எப்பா!" என்று சிங்களத்தில் கத்தினார். மேலே வாருங்கள், ஓடாதீர்கள் என்று அர்த்தம். லொறி டிரைவரும் உதவியாளும் இருமியபடியே நடந்து அவரிடம் வந்து சேர்ந்தார்கள்.

என் பக்கத்தில் நின்ற கணக்கப்பிள்ளை ஃபெக்டரிக்குப் போன் எடுத்து, "சங்க ஊதுங்க!" என்றார். மிஸ்ஸி திரும்பினார்.

"சங்கு கேட்டா ஆளுங்க எங்க போவாங்க?"

"பெரட்டுக் களத்துக்குத்தான். மண்சரிவுக்கும் அப்படித்தானே பழக்கியிருக்கோம்."

"அது எங்க இருக்கு?"

அவர் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. மஞ்சளும் பச்சையுமாக ஒரு மூட்டம், தேயிலைத் தூர்களைத் தடவிக்கொண்டு, தண்ணீர் போல அந்தப் பள்ளத்தை நோக்கியே இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் பெயர் கூப்பிட்டு வேலைக்கு ஆள் பிரிக்கத் தினமும் கூடும் இடம் அது. சங்கு ஊதினால் கண்ணை மூடிக்கொண்டு அங்கேதான் போவோம். நாமே சனங்களைக் கூட்டி அதன் வாயில் கொடுத்திருப்போம்.

"ஊதாதீங்கண்ணே! வேற சத்தமா என்ன இருக்கு இங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

பெட்டியைத் திறந்து மைக்கை மிஸ்ஸியிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "என் குரல் அவங்களுக்குத் தெரியாதுய்யா. நீங்க பேசுங்க. பயமுறுத்தாம, பெரட்டு கூப்புடுற மாதிரியே கூப்புடுங்க." கூப்பிட்டேன். "இன்னைக்குப் பெரட்டு கோயில் மேட்டுல! பள்ளத்துக்குப் போகாதீங்க! மூணாம் நம்பர் மலை வழியா ஏறுங்க! துணிய நனைச்சு மூக்குல வச்சிக்கங்க! ஓடாதீங்க, நடங்க!" நசுங்கிய வாய் மலை முழுக்க அதைக் கொண்டுபோனது.

வந்தார்கள். லயம் லயமாக, முகத்தில் ஈரத் துணியோடு வந்தார்கள். "அய்யா, இன்னைக்கு அரைப் பேரா, முழுப் பேரா?" என்று, அரைநாள் கூலியா முழுநாள் கூலியா என்று பெரட்டில் கேட்பது போலவே, ஒருத்தி மூச்சு வாங்கியபடியே கேட்க, அந்த நேரத்திலும் சிரிப்பு எழுந்தது. நான் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டே வந்தேன். லயங்கள் சரி. ஃபெக்டரி சரி. பிள்ளைக் காம்பரா வரவில்லை. ஆயாம்மா ஒருத்தி, பதினொரு பிள்ளைகள்.

ஒரு தாய் கீழே பாய்ந்தாள். மிஸ்ஸி குறுக்கே விழுந்து அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மிஸ்ஸி, எம்புள்ள!" "தெரியுதுக்கா. நீங்க போற வழியிலதான் புகை நிக்குது. அய்யா, அந்தப் பக்கத்து மலையில யாரு இருக்கா?"

அஞ்சாம் நம்பர் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள். பிள்ளைக் காம்பராவுக்கு நேர் மேலே, பள்ளத்தின் மறுகரையில். மூட்டம் அங்கே எட்டியிருக்கவில்லை. மறுபடி மைக்கைப் பிடித்தேன். "அஞ்சாம் நம்பர் ஆளுங்க! கொழுந்தக் கொட்டிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு இறங்குங்க! புள்ளைகளத் தூக்கிக்கிட்டு வந்த வழியே ஏறுங்க!"

ஃபெக்டரிக் கட்டடம் மறைத்ததால் ஒன்றும் தெரியவில்லை. நானூறு பேர் நின்ற மேட்டில் இருமல் சத்தம் மட்டும் கேட்டது. என் வயதுக்கு எத்தனையோ காத்திருந்திருக்கிறேன், அப்படிக் காத்திருந்ததில்லை.

எதிர்மலையில் ஒரு கூடை தெரிந்தது. கூடைக்கு மேலே ஒரு குட்டித் தலை. அடுத்த கூடையில் இரண்டு. கொழுந்து சுமக்கும் கூடைகளில் பிள்ளைகள் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். எண்ணினேன். பத்து. மறுபடி எண்ணினேன், பத்துதான். கடைசியாக ஆயாம்மா தலை தெரிந்தது, இடுப்பில் ஒன்று. "பதினொண்ணு!" என்று கத்தினேன். மைக்கை அணைக்காமலே இருந்திருக்கிறேன். எதிர்மலை அதைத் திருப்பிச் சொன்னது.

அன்று ஒருவரும் சாகவில்லை. இருமியவர்களைச் சாய்த்து உட்கார வைத்து, கண்களைக் கழுவி, முடியாதவர்களை முதலில் அனுப்பினார் மிஸ்ஸி. முகமூடி போட்டு வந்தவர்கள் சிலிண்டரை அடைத்தார்கள். போகும்போது மிஸ்ஸி, "நல்லா எண்ணுறீங்கய்யா" என்றார். என் வீட்டில் அதற்காக என்னைத் திட்டாதவர் இல்லை.

மிஸ்ஸி இப்போது நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மாறிப்போய்விட்டார். சங்கு கேட்டால் இப்போது சனங்கள் முதலில் காற்றைப் பார்க்கிறார்கள், பிறகு மேட்டைப் பார்க்கிறார்கள். ஒலிபெருக்கியின் வாய் இன்னும் நசுங்கியேதான் இருக்கிறது; கரகரப்பைப் பற்றி இப்போதும் முறையிடுகிறேன். ஆனால் திருவிழாவுக்கு மைக் சோதித்துப் பார்ப்பது நான்தான். "ஒண்ணு, ரெண்டு, மூணு போதுமய்யா, கேக்குது!" என்று கீழேயிருந்து பையன்கள் கத்துவார்கள். மூன்றோடு நிறுத்த எனக்கு மனம் வராது. பதினொன்று வரை எண்ணிவிட்டுத்தான் மைக்கைக் கொடுப்பேன்.