மத்து, முறம், மாமியார், மருமகள்

சின்னு... இறக்கைத் துணிக்கு நீ பூசின பெயின்ட் வாசனை இன்னும் என் தையல் மிஷின் டிராயரில் இருக்கிறது.

அப்போதெல்லாம் ரசம் வைத்தாலும் அந்த வாசனைதான். "ரசத்துல பெட்ரோல் ஊத்திட்டியாக்கா"ன்னு கேட்பாய். செய்வதெல்லாம் நீ, பழி மட்டும் என் மேல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்னு என் தம்பி. திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறையில் வேலை. எங்கேயோ ஒரு பழைய பயிற்சி விமானத்தை உடைத்து விற்றபோது, உதிரிகளைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு முடிச்சூர் வீட்டுக்கு வந்தான். ரெண்டு பேர் உட்காருகிற பிளேன் கட்டப்போகிறேன் என்றான். தெருவே சிரித்தது. நானும்தான்.

அப்புறம் இறக்கைத் துணி முழுக்க நானேதான் தைத்தேன்...

நான் அஞ்சாவதோடு நின்றவள். நீ சொல்கிற இங்கிலீஷ் பேர் எதுவும் என் வாயில் நுழையாது. அதனால் எனக்குத் தெரிந்த பேராக வைத்தாய். கையில் பிடித்து ஓட்டுகிற கம்பி, மத்து. வாலில் திரும்புகிற தகடு, முறம். இறக்கைக்குள் வரிசையாக நிற்கிற கட்டைகள், வஞ்சிர முள்.

முறத்தைத் தாங்குகிற கீல் ரெண்டு. பார்க்க ஒரே மாதிரி, ஆனால் இடம் மாறினால் முறம் திரும்பாது. அதுங்க மாமியாரும் மருமகளும்.

"மாமியார்தான்க்கா மேல, மருமவ கீழ. மறந்துடாத."

மஞ்சள்காமாலையில் நீ போய் ரெண்டு வருஷம். நீ பிளேன் கட்டின ஷெட் பூட்டியே கிடந்தது. போன மழையில் உள்ளே இடுப்பளவுத் தண்ணீர்... உத்திரத்தில் கட்டியிருந்ததால் இறக்கை தப்பியது. பிளான் காகிதம் கூழாகிவிட்டது. உதிரிகளில் நீ சாக்பீஸில் போட்ட குறியெல்லாம் அழிந்துவிட்டது. காயலான் கடைக்காரரை வரச் சொல்லிவிட்டேன்.

அவர் வருகிற அன்றைக்குக் காலையில் உன் பட்டறைக் கூட்டாளி சேகர் வந்தான். நான் முடிக்கிறேன் என்று ஆசையாக ஷெட்டுக்குள் போனவன், ஒரு மணி நேரத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துவிட்டான். பிளான் வேறு வாங்கிக்கொள்ளலாமாம். ஆனால் பழைய உதிரியை வெட்டி ஒட்டி நீ எதை எங்கே மாட்டினாய் என்று அதில் இருக்காதாம்.

"காயலான் கடைக்கே போட்ருங்கக்கா. எனக்கு ஒண்ணும் பிடிபடல."

காபியை நீட்டினேன். "மருமவ மேல காலை வெச்சிகினு கீற, எடு."

"யாரு மருமவ?"

சொன்னேன். மேலே வருவது மாமியார், ஓரத்தில் ஒரு நசுங்கல் இருக்கும், பார் என்றேன். குனிந்து தேடினான்... இருந்தது. உடனே மார்க்கரை எடுத்தான். நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றின் மேலும் எழுதினான். காபி ஆறிப்போனது. காயலான் கடைக்காரர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெறும் வண்டியோடு திரும்பினார்.

அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது, சின்னு.

இப்போது ஞாயிறானால் சேகர் வருகிறான். பறக்குமா என்று கேட்டால் பிடி கொடுக்கமாட்டான். தெரிந்தவர்கள் வந்து சோதிக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும் என்கிறான். பரவாயில்லை.

அப்போதெல்லாம் தலைக்கு மேல் பிளேன் சத்தம் கேட்டால் ஸ்பேனரோடு நீ வெளியே ஓடுவாய், நான் திட்டுவேன். இப்போது நான் ஓடுகிறேன்... அடுப்பில் ரசம் பொங்குகிறது.

போன வாரம் முறம் லேசாகத் திரும்பியது. பிளேன் மூக்கில் எழுதப் பெயின்ட்டோடு நின்ற சேகர், "இதுக்கு இன்னா பேருக்கா?" என்றான்.

ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்தாயே சின்னு... எல்லாம் சேர்ந்ததுக்கு என்ன பேருடா நினைச்சு வெச்சிருந்த?