ரஸ்டியின் பாறணை

பென்டில் ஹில்லில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் என் பெயர் தெரிந்தவர்கள் இரண்டு பேர். ரஸ்டியின் பெயர் தெரிந்தவர்கள் பத்தொன்பது பேர். குத்துமதிப்பாகச் சொல்லவில்லை, காலை நடையில் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தேன். நான் தனியாக நடந்த காலத்தில் இவர்கள் எல்லோரும் என்னைக் கண்டதும் அவசரமாகக் கைப்பேசியைப் பார்த்தவர்கள். ரஸ்டியின் வாரைப் பிடித்துக்கொண்டு போன முதல் நாளே ஒரு பெண் ஓட்டத்தை நிறுத்தி, முகமெல்லாம் சிரிப்பாக, "ஹலோ, ஹான்ட்சம்!" என்றாள். எழுபத்தாறு வயதில் இப்படியொரு வரவேற்பை எதிர்பார்த்திராத நான் தொண்டையைச் செருமி, "குட் மோர்னிங்" என்றேன். அதற்குள் அவள் குனிந்து நாயின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள்.

என் பெயர் தெரிந்த இருவரில் ஒருவர் தபால்காரர். மற்றவர் பக்கத்து வீட்டுக் கொலின். என் மனைவிக்கும் தெரியும்தான், ஆனால் கலியாணம் முடித்த நாளிலிருந்து அவள் அதை வாயால் சொன்னதில்லை. "இஞ்சருங்கோ" என்பதுதான் வீட்டில் என் பெயர். கொலின் என் பெயரின் முன்பாதியை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சமிருந்த நாதனை 'நேதன்' ஆக்கிக்கொண்டார். ரஸ்டி அவருடைய நாய். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும், மனிதக் கணக்கில் என்னைவிட மூத்தவன். கொலினின் மனைவி ஜோன் காலமான பிறகு அந்த வீட்டில் இருப்பது இவர்கள் இரண்டு பேர்தான்.

அயலவர் என்றால் என்ன என்பது பற்றி எனக்குத் தெளிவான கருத்து இருந்தது. ஊரில் நான் நில அளவைத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன். யாழ்ப்பாணத்தில் அயலவர் எனப்படுபவர், ஒரு முழ வேலிக்காக நீங்கள் மூன்று தலைமுறையாக வழக்காடும் மனிதர். நிலம் அளக்கும் சங்கிலியும் கையுமாக நான் போய் இறங்கினால் இரண்டு வீட்டாரும் எனக்குத் தேநீர் தருவார்கள். ஒருவர் தந்ததை மற்றவர் முன்னால் குடித்தால் அளவு பிழை என்று மனுப் போடுவார்கள். அந்த அனுபவத்தோடு இங்கே வந்தவன் நான். ஒரு புயலில் எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவிலிருந்த பலகை வேலி சாய்ந்தபோது, சட்டத்தரணி ஒருவரைத் தேடிவிட்டுத்தான் கொலினின் கதவைத் தட்டினேன். அவர், "பாதி நீ, பாதி நான். சரியா, மேட்?" என்றார். அவ்வளவுதான். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. புது வேலி போட்ட பிறகு அளவு நாடாவோடு மூன்று முறை அளந்தேன். இரண்டு அங்குலம் எங்கள் பக்கம் கூடியிருந்தது. இதை அவரிடம் சொன்னபோது, "வைத்துக்கொள், அதில் தக்காளி நடு" என்று சிரித்தார். ஊரில் இந்த இரண்டு அங்குலத்துக்குக் கொலை விழுந்திருக்கும்.

இன்னொரு விசித்திரம், அவர் எதற்கும் நன்றி சொல்வார். குப்பைத் தொட்டியை உள்ளே இழுத்து வைத்தால், "அப்ரிஷியேற் இற், மேட்." கருவேப்பிலைக் கன்று கொடுத்தால், "அப்ரிஷியேற் இற்." நானும் என் மனைவியும் இத்தனை வருடத்தில் ஒருவருக்கொருவர் எத்தனை முறை நன்றி சொன்னோம் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். பூச்சியம். இதை அவளிடம் சொன்னபோது, "ஏன், இப்ப நான் உங்களுக்கு என்ன குறை வைச்சனான்?" என்று சண்டைக்கு வந்தாள்.

சென்ற ஐப்பசியில் கொலினுக்கு இடுப்பு மூட்டு மாற்றும் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். வேலிக்கு மேலால் தலையை நீட்டி, ரஸ்டியைச் சில வாரம் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "உங்களைவிட்டால் எனக்கு ஆள் இல்லை" என்றும் சொன்னார். வெள்ளைக்காரர் ஒருவர் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஓம் என்று தலையாட்டினேன். ரஸ்டி அவனுடைய மெத்தை, கிண்ணம், ஒரு மூட்டை உலர் உணவு, ஒரு பெட்டி நிறைய இறைச்சி அடைத்த தகர ரின் சகிதம் வந்து சேர்ந்தான். ரின்னில் மாட்டின் படம்.

மனைவி அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நாளைக்குக் கந்தசஷ்டி தொடங்குது. இதை என்ரை குசினியுக்கை வைச்சு உடைக்கப் போறியளோ?"

"கராஜுக்கை வைச்சு உடைக்கிறன்."

"உடைச்சுப்போட்டு அந்தக் கையோடை சாமி அறைக்கு வருவியள்."

அன்றிலிருந்து ரஸ்டி சைவம். உலர் உணவாவது கொடுப்போம் என்றேன். "வந்த பிள்ளைக்குக் காய்ஞ்ச குரும்பட்டியைக் குடுக்கிறதோ? கொலின் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்?" என்று அதற்கும் தடை வந்தது. சோறும் பருப்பும், புட்டும் பாலும், இடியப்பமும் தேங்காய்ப்பாலும் ரஸ்டிக்குப் போயின. அவன் குசினி வாசலில் அடுப்பைப் பார்த்தபடி நாள் முழுக்கத் தவம் இருந்தான். கொலின் வைத்தியசாலையிலிருந்து தொலைபேசியில், "சாப்பிடுகிறானா?" என்று கேட்டார். "உங்களைவிட நன்றாக" என்றேன். அது பொய்யில்லை. என்ன சாப்பிடுகிறான் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சஷ்டி விரதம் முடிந்த மறுநாள் பாறணை. ஆறு நாள் விரதம் பிடித்தவர்கள் குளித்துக் கும்பிட்டு, வயிறாரச் சாப்பிட்டு விரதத்தை முடிக்கும் நாள். மனைவி எனக்கு ஒரு கிண்ணத்தில் பாயாசம் ஊற்றினாள். ரஸ்டிக்கும் ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள், அதுவும் அடியிலிருந்து அள்ளி.

"உவனுக்கு ஏன் பாறணை?" என்றேன்.

"எங்களோடை ஆறு நாளும் விரதம் இருந்தவனெல்லே!"

"மூண்டு நேரமும் திண்டவன்! விரதம் இருந்தது நான்!"

"பாவம், ஒரு இறைச்சித் துண்டைக் கண்ணாலை கண்டானோ? உங்களுக்கு விசர்."

இரண்டு கிண்ணத்தையும் பார்த்தேன். என்னுடையதில் முந்திரிகை வற்றல், அதாவது உலர்ந்த திராட்சை, மூன்று மிதந்தன. அவனுடையதில் பதினான்கு. பொறாமை என்று சொல்லாதீர்கள். கண்ணில் பட்டால் எண்ணிவிடுவேன், அவ்வளவுதான். ரஸ்டி கிண்ணத்தை நக்கி முடிக்கும்போது மெல்பேர்னிலிருந்து மகள் சுமதி வீடியோவில் வந்தாள். எனக்குச் செய்யப்படும் அநீதியை அவளாவது கேட்கட்டும் என்று வற்றல் கணக்கைச் சொன்னேன்.

"அப்பா, வெயிற். நாய்க்கு ரெய்சின் குடுத்தனீங்களோ?"

"நான் குடுக்கேல்லை. கொம்மா."

"ஓ மை கோட், இற்ஸ் பொய்சன்! கிட்னி போயிடும்! இப்பவே வெற் டொக்டரிட்டைக் கொண்டு போங்கோ, இப்பவே!"

மனைவியின் கையிலிருந்த அகப்பை கீழே விழுந்தது. நான் காரை வெளியே எடுக்கும்போது அவள் பட்டுச்சேலையோடு பின் இருக்கையில் ஏறி நாயை மடியில் வைத்திருந்தாள். அவன் தன் பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். ஊரிலே நாய் என்ன சாப்பிட்டது என்று யாரும் யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் வளவிலும் ஒன்று படுத்திருந்தது. அதற்குப் பெயரும் இல்லை. சட்டி கழுவிய பிறகு எஞ்சியதுதான் அதன் சாப்பாடு. இங்கே நான் சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு ஒரு நாயின் சிறுநீரகத்துக்காக முருகனைக் கூப்பிட்டேன்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். எத்தனை வற்றல் இருக்கும் என்று கேட்டார். "பதினான்கு" என்றேன். ஏறத்தாழவா என்றார். இல்லை, பதினான்கு. அவர் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைத்தார். சற்று நேரத்தில் கையுறையைக் கழற்றிக்கொண்டு வந்து, பன்னிரண்டு வெளியே வந்துவிட்டது என்றார். "இன்னும் இரண்டு" என்றேன். திரும்பிப் போனார். மிச்சம் இரண்டும் வந்தன. என் வாழ்நாளில் என் எண்ணிக்கைக்கு யாரோ ஒருவர் மரியாதை கொடுத்தது அன்றுதான். ஆனாலும் வயதான நாய், கொஞ்சம் இரத்தத்தில் ஊறியிருக்கலாம். இரண்டு நாள் சேலைன் ஏற்றி, சிறுநீரகம் தாங்குகிறதா என்று பார்த்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார். வேறு என்ன கொடுத்தீர்கள், வெங்காயம் கொடுத்தீர்களா, அதுவும் நஞ்சு என்று கேட்டார். விரதத்தில் நாங்கள் வெங்காயம் சேர்ப்பதில்லை என்று விளக்கினேன். "பாத்தியளே, முருகன்" என்றாள் மனைவி, கண்ணைத் துடைத்தபடி. முந்திரிகை வற்றல் விஷயத்தில் முருகன் எங்கே போயிருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் நேரமில்லை.

ரஸ்டியின் தோலுக்குள் இருக்கும் சிப்பில் கொலினின் இலக்கம் இருந்தது. நாங்கள் வீடு வந்து சேர முன்பே வைத்தியர் அவருக்குச் சொல்லிவிட்டார். நான் தொலைபேசியில் அழைத்து, நடந்ததையெல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கொலின் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு, "ரைட்" என்றார். தொலைபேசி வைக்கப்பட்டது. எங்கள் ஊர்ப் பேருந்தில் கொண்டக்டர் "ரைட்" என்றால் பேருந்து போகலாம் என்று அர்த்தம். இவர் எதைப் போகச் சொன்னார்? இருபது தரம் அந்த ஒரு சொல்லை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்தேன். ரஸ்டி செத்தால் வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு இனி யாரும் இல்லை என்பது மட்டும் விளங்கியது.

வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு நண்பர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அடுத்த நாள் காலையும் வழக்கம்போல முப்பத்தொரு பேர் கைப்பேசியில் ரோசாப்பூவோடு காலை வணக்கம் அனுப்பினார்கள். அதில் ஆறு பேர் நட்பின் மேன்மையைப் பற்றியும் எழுதியிருந்தார்கள். எல்லோரும் பதினைந்து நிமிட கார்ப்பயணத்துக்குள் இருப்பவர்கள். மண்டபத்தில் பிறந்தநாள் விழா என்றால் மட்டும் நேரில் காணலாம். அவர்களில் ஒருவரான சிவபாலனைத் தமிழ்க் கடையில் முருங்கைக்காய்க்கு முன்னால் கண்டு, மனம் தாங்காமல் விஷயத்தைச் சொன்னேன். "அண்ணை, வெள்ளையன் வழக்குப் போடுவான். ஒண்டையும் எழுத்திலை குடுத்துப் போடாதேங்கோ" என்றார். நாய் எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினால் வாசலில் ஒரு வாழ்த்து அட்டை. காலை நடையில் ரஸ்டியைக் காணாமல் விசாரித்த ஹான்ட்சம் பெண் வைத்துவிட்டுப் போயிருந்தாள். விரைவில் குணமடைய வேண்டும் என்று, ரஸ்டியின் பெயருக்கு. எனக்குக் குடலிறக்கம் வெட்டியபோது இந்தத் தெருவில் ஓர் அட்டையும் வரவில்லை. இருந்தாலும் அதைச் சாமி அறையில் கொண்டுபோய் வைத்தேன்.

மனைவி முருகன் கோவிலுக்கு அர்ச்சனைக்குப் போனாள். நானும் தட்டை ஏந்திக்கொண்டு பின்னால் நின்றேன். ஐயர் பெயர் கேட்டார்.

"ரஸ்டி" என்றாள் மனைவி.

ஐயர் நிமிர்ந்து பார்த்தார். இங்கே பேரப்பிள்ளைகளின் பெயர்கள் பலவிதம் என்பது அவருக்குத் தெரியும். "பேரனோ? நட்சத்திரம்?"

"தெரியாது ஐயா. பேரன் மாதிரித்தான்."

"சரி, கார்த்திகை எண்டு வைப்பம்" என்று சொல்லி, ரஸ்டி நாமதேயஸ்ய என்று சமஸ்கிருதத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். மனைவி கண்ணை மூடிக்கொண்டு, "அவன் எழும்பி நடந்தால் உன்ரை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வருவன்" என்று நேர்ந்தது எனக்குக் கேட்கும்படியாகவே இருந்தது.

எழும்பி நடந்தான். மூன்றாம் நாள் வைத்தியர் அவனைத் திருப்பித் தந்தார். சிறுநீரகம் பழுதில்லை. கொலினுக்கு இந்தச் செய்தியைச் சொன்னேன். அதற்கும் ஒரு "ரைட்." அவர் வீட்டுக்கு வரும் நாள் வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் ஊன்றுகோலோடு காரிலிருந்து இறங்கியதும் ரஸ்டி பாய்ந்து போனான். நானும் மனைவியும் நீதிமன்றத்தில் நிற்பதுபோல் எங்கள் முற்றத்தில் நின்றோம். மன்னிப்புக் கேட்பது எங்களுக்குப் பழக்கமில்லாத காரியம். அதற்குப் பதிலாக மனைவியின் கையில் இடியப்பமும் சொதியும் இருந்தன. கொலின் மூடியைத் திறந்து, கரண்டியால் கிளறி, உள்ளே நன்றாக ஆராய்ந்தார்.

"ரெய்சின் இல்லையே?"

"நோ, நோ, கொலின்! நோ ரெய்சின்!" மனைவி அலறினாள்.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. அன்று தொலைபேசியில் உண்மையிலேயே கோபமாக இருந்தேன், பேசினால் ஏதாவது சொல்லிவிடுவேன் என்று பயந்துதான் வைத்தேன் என்றார். "ஆனால் ஜோன் போன பிறகு இவனுக்கு யாரும் சமைத்ததில்லை, நேதன். எனக்கும்தான்." இந்த முறை அவர் அப்ரிஷியேற் என்று சொல்லவில்லை. சொதியைக் கிண்ணத்தோடு குடித்தார்.

நேர்த்திக்கடன் பாக்கி இருந்தது. நாயைக் கோவிலுக்குக் கொண்டுபோக உரிமையாளரின் அனுமதி வேண்டும். கேட்டோம். தானும் வருவதாகச் சொன்னார். கோவிலுக்குள் நாய் வரக்கூடாது என்று வாசலில் நின்ற தொண்டர் தடுத்தார். "வைரவருக்கு வாகனம் என்ன தம்பி? நாய்தானே? அது மட்டும் உள்ளை நிக்குது" என்று மனைவி வாதாடினாள். அது கல், அன்ரி என்றார் அவர். யாராவது ஒருவர் நாயோடு வெளியே நிற்க வேண்டும். கொலின் ஏற்கெனவே சப்பாத்தைக் கழற்றிவிட்டு, குழந்தையைப்போல் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். வார் என் கைக்கு வந்தது.

அப்படித்தான் நான் வெறுங்காலோடு, இந்த நாட்டில் கோடையான கார்த்திகை வெயிலில் கொதிக்கும் தார்த் தரையில் நின்றேன். காரிலிருந்து இறங்கிய நம்மவர்கள், "அங்கிள், உள்ளை போகேல்லையோ?" என்று கேட்டுவிட்டு, நாயைக் கண்டதும் பதிலுக்குக் காத்திராமல் விலகிப் போனார்கள். திறந்த கதவு வழியாக மூலஸ்தானம் தெரிந்தது. நான் வழக்கமாக நிற்கும் தூணில் கொலின் சாய்ந்து நின்றார், நெற்றி நிறைய விபூதி, மனைவி பூசிவிட்டது. பக்கத்தில் நின்று அவள் எதையோ விளக்கிக்கொண்டிருந்தாள். தீபாராதனைக்கு மணி அடித்தது. உள்ளே எல்லோருடைய கைகளும் தலைக்கு மேலே உயர்ந்தன, கொஞ்சம் பிந்தி அவருடையதும். நானும் உயர்த்தினேன், ஒரு கையைத்தான். மற்றக் கையில் ரஸ்டி இருந்தான்.